எலிக்கும் மாட்டுக்கும் நடுவே உள்ள கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நுண்ணலை (மைக்ரோவேவ்) கதிர்வீச்சால் ஆய்வக எலிகளின் விந்தணுக்கள் குறைந்தன என்று செய்தி வெளியிட்ட கையோடு, செல்போன் கோபுரத்தருகே மேயும் மாடுகள் சினை பிடிக்காததற்கும் அதுவே காரணம் என்று முடித்திருந்தீர்கள். எலியிலிருந்து மாட்டுக்கு அப்படித் தாவிவிட முடியாது.

விரை குளிர்ச்சியாக இருந்தால்தான் விந்தணு உருவாகும். காளையின் உடல் வெப்பம் 38.5 டிகிரி என்றால் விரையில் அதைவிட 4, 5 டிகிரி குறைவு. நுண்ணலை திசுவிலுள்ள நீரைச் சூடாக்குகிறது. விரையில் சூடு ஏறினால், பிரிந்துகொண்டிருக்கும் உயிரணுக்கள் முதலில் சாகும். இதில் ஐயமில்லை, வெந்நீரில் அமிழ்த்தினாலும் இதே சேதம்தான். ஆக, கிலோ எடைக்கு எத்தனை வாட் உடலில் இறங்கியது என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

உடலின் நீளம் அலைநீளத்தில் ஏறத்தாழ 0.4 பங்காக இருக்கும்போது உறிஞ்சல் உச்சத்தில் இருக்கும். சுண்டெலிக்கு அந்த உச்சம் 2 கிகாஹெர்ட்ஸை ஒட்டி வருகிறது, அதாவது செல்போனும் மைக்ரோவேவ் அடுப்பும் இயங்கும் பகுதியில். உடல் பெரிய மாட்டுக்கு அப்படியில்லை. மேலும் 2.45 கிகாஹெர்ட்ஸ் அலை தசைக்குள் சுமார் 2 சென்டிமீட்டருக்குள்ளேயே பெரும்பகுதி தேய்ந்துவிடும். எலியின் சூலகத்தை எட்டும் அலை பசுவின் சூலகம் வரை போகாது.

இந்தியா 2012 செப்டம்பரில் கோபுரக் கதிர்வீச்சு வரம்பைச் சர்வதேச வரம்பில் பத்தில் ஒன்றாகக் குறைத்தது. 900 மெகாஹெர்ட்ஸில் அது சதுர மீட்டருக்கு 0.45 வாட். 400 கிலோ பசுவின் பக்கவாட்டுப் பரப்பு 2 சதுர மீட்டர் என்று வைத்து, விழுவதெல்லாம் உறிஞ்சப்படுகிறது என்றே கொண்டாலும் மொத்தம் 0.9 வாட், கிலோவுக்கு 0.002. அசைபோட்டுக்கொண்டு நிற்கும் அதே பசு தன் உடலிலேயே பல நூறு வாட் வெப்பம் உண்டாக்குகிறது. அமெரிக்க தேசிய நச்சியல் திட்டம் 2018இல் முடித்த எலி ஆய்வில் மிகக் குறைந்த அளவே கிலோவுக்கு 1.5 வாட்.

அந்த ஆய்வில் எலிகள் கூண்டில் தாராளமாக நடமாடின. பல ஆய்வுகளில் அந்த வசதி இல்லை. எலியைக் குறுகிய குழாயில் அடைத்தால் அடைப்பே மன அழுத்தம் தந்து டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கும். ஒப்பீட்டு எலிகளையும் அதே குழாயில், அலைக் கருவியை மட்டும் அணைத்து வைத்திருக்க வேண்டும். கூண்டடியில் செல்போனை வைப்பது இன்னும் மோசம்: சிக்னலைப் பொறுத்து அதன் வெளியீடு ஏறி இறங்கும், பேட்டரிச் சூடு வேறு. வீட்டு மைக்ரோவேவ் அடுப்பை ‘குறைந்த அளவில்’ வைத்தோம் என்பதும் ஏமாற்று. பெரும்பாலான அடுப்புகள் முழு வீச்சில் எரிந்து எரிந்து அணைகின்றன. உலோக வெப்பமானிக் கம்பியும் அலையில் தானே சூடாகித் தப்பான அளவு காட்டும். ஒளியிழை உணரி வேண்டும். எலிக்கு விந்தணு உருவாக 52 நாள் ஆகும். பத்து நாளில் முடித்த ஆய்வு, ஏற்கெனவே உருவாகிவிட்ட விந்தணுக்களைத்தான் எண்ணியிருக்கும்.

சூடு ஏறாத அளவிலும் விந்தணுவில் ஆக்சிஜன் சேதம் கூடுவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. அவற்றைத் தள்ளிவிட முடியாது. ஆனால் ஆய்வகத்தில் கழுவிக் கிண்ணத்தில் வைத்த விந்தணுவுக்கு, விந்துநீரில் இருக்கும் பாதுகாப்பு கிடையாது.

பசு சினை நிற்கவில்லை என்றால் கோபுரத்தைப் பார்க்கும் முன் செயற்கைக் கருவூட்டல் ஊசி போட்ட நேரத்தைப் பாருங்கள். காலையில் பருவ அறிகுறி தெரிந்தால் மாலையில் ஊசி, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை. உறைவிந்துக் குச்சியை (உறைய வைத்த விந்து அடைத்த மெல்லிய குழாய்) 37 டிகிரி வெந்நீரில் 30 விநாடி வைத்து, ஈரம் போகத் துடைத்த பிறகே வெட்ட வேண்டும். உள்ளே ஒரு சொட்டு நீர் புகுந்தாலும் விந்தணு கெடும். குச்சிகளைச் சேமித்து வைக்கும் திரவ நைட்ரஜன் குடுவையின் கழுத்துக்கு மேலே குச்சிகளைத் தூக்கிப் பிடித்துத் தேடிக்கொண்டிருந்தால், மிச்சமுள்ள குச்சிகளும் வீண்.

இப்படிக்கு,
கால்நடை மருத்துவர், நாமக்கல்