எலிக்குட்டிக்கு 15 நிமிடமும் 3 மணி நேரமும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாயைப் பிரிந்த குட்டிகளின் மன அழுத்த ஹார்மோன் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிரித்தாலே கேடு, ஏறிய ஹார்மோன் ஆயுசுக்கும் இறங்காது என்ற தொனியில் முடித்திருக்கிறார் கட்டுரையாளர். போகிற போக்கில் வேலைக்குப் போகும் தாய்மார்களையும் ஒரு வரி இடித்திருக்கிறார். இந்த ஆராய்ச்சி தொடங்கியதே இதற்கு நேர்மாறான ஒரு முடிவில்தான்.

அமெரிக்க விஞ்ஞானி சீமோர் லெவின் 1950களில், எலிக்குட்டிகளைத் தினமும் சில நிமிடம் தாயிடமிருந்து எடுத்துத் தனியே வைத்துவிட்டுத் திரும்பக் கூண்டில் விட்டார். வளர்ந்த பிறகு அதிர்ச்சியை நன்றாகத் தாங்கியவை அந்தக் குட்டிகளே. கையே படாமல் தாயோடு விட்டவைதான் அதிகம் மிரண்டன. பின்னாளில் பிளாட்ஸ்கி, மீனி என்ற இரு ஆய்வாளர்கள் (1993) தினம் 15 நிமிடம் பிரித்த குட்டிகளையும் 3 மணி நேரம் பிரித்தவற்றையும் ஒப்பிட்டார்கள். முதல் கூட்டம் நிதானமாக வளர்ந்தது, இரண்டாவது எதற்கும் பதறியது. இரை தேடப் போகும் தாய் எலி சிறிது நேரம் வளையில் இல்லாதது இயல்புதான். திரும்ப வந்த குட்டி, நம் காதுக்கு எட்டாத குரலில் கத்தும். தாய் அதை இழுத்துப்போட்டு வழக்கத்தைவிட அதிகமாக நக்கிக் கொடுக்கும்.

அந்த நக்குதலில்தான் விஷயம் இருக்கிறது. பிரிக்கவே இல்லாத வளைகளிலும், அதிகம் நக்கப்பட்ட குட்டிகளின் மூளையில், ஹிப்போகேம்பஸ் பகுதியில், ஹார்மோனை உணரும் ஏற்பிகள் கூடுதலாக இருந்ததை கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மீனியின் குழு 1997இல் காட்டியது. ஏற்பி அதிகமென்றால் 'போதும், நிறுத்து' என்ற உத்தரவு சீக்கிரம் போகும். ஏறிய ஹார்மோன் சட்டென்று இறங்கும்.

கட்டுரையில் இடம்பெறாத இன்னொரு சோதனையும் உண்டு. பிறந்த 4ஆம் நாள் முதல் சுமார் 14ஆம் நாள் வரை எலிக்குட்டி எதற்கும் அவ்வளவாக ஹார்மோன் சுரக்காது. தாய் பக்கத்தில் இருப்பதே அதை அடக்கி வைக்கிறது. 24 மணி நேரம் தாயைப் பிரித்தால் அந்த அடக்கம் போய்விடும். லெவின் குழுவினர் அப்படிப் பிரித்த குட்டிகளை ஈரத் தூரிகையால், தாய் நக்குவதுபோல, வருடிப் பார்த்தார்கள். மன அழுத்த ஹார்மோனைச் சுரப்பது சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பி. அதை முடுக்கும், மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் ஹார்மோன், வருடியதும் அடங்கியது. அட்ரீனல் மட்டும் பாலும் கொடுத்த பிறகே அடங்கியது. ஆக, தாய் என்பது ஒரே பொருளல்ல. வருடல் ஒரு வேலை செய்கிறது, பால் வேறொரு வேலை செய்கிறது. (மனிதருக்குச் சுரக்கும் முக்கிய மன அழுத்த ஹார்மோன் கார்ட்டிசால், எலிக்குச் சுரப்பது கார்ட்டிகோஸ்டீரோன். கட்டுரை நெடுகக் கார்ட்டிசால் என்றே அச்சாகியிருக்கிறது.)

21 நாளில் பால் மறக்கும் பிராணியின் 3 மணி நேரத்தை மனிதக் குழந்தைக்கு அப்படியே பொருத்தி, அலுவலகம் போகிற அம்மாவைப் பயமுறுத்துவது எந்தக் கணக்கில் சேர்த்தி?

பயமுறுத்தத்தான் வேண்டுமென்றால் நாய்க்குட்டி வியாபாரத்தைச் சொல்லியிருக்கலாம். இத்தாலியில் 2011இல் வெளியான ஆய்வொன்றில், 30-40 நாளில் பிரித்த குட்டிகள், 60 நாள் தாயோடு இருந்தவற்றைவிட, வளர்ந்தபின் சத்தத்துக்கு மிரள்வதும் ஓயாமல் குரைப்பதும் அதிகம் என்று தெரிந்தது. ஹார்மோனை அளந்த ஆய்வல்ல அது, வளர்ப்பவர்களைக் கேட்டு எழுதியது. ஆனாலும் கால்நடை மருத்துவனாக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஊசி போட வரும் குட்டிகளிடம் கண்டதும் அதுதான். 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மத்திய அரசு விதியே இருக்கிறது. அடுத்த இதழில் அதை ஒரு கட்டம் கட்டியாவது போடுங்கள். '35 நாள் ஆச்சு சார், சோறே சாப்பிடுது' என்று சொல்லித்தான் இன்னமும் விற்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்,
தஞ்சாவூர்