அது காகித இலை அல்ல, அரிசி

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் பிலிப்பைன்ஸ் நாட்டு அறுவடைத் திருவிழாவான பஹியாஸின் படங்களை வெளியிட்டிருந்தீர்கள். பார்த்ததும் மனசு நிறைந்துபோனது. ஆனால் ஒரு படத்தின் கீழே ‘வண்ணக் காகித இலைகளால் அலங்கரித்த வீடு’ என்று போட்டிருந்தது. அது காகிதம் இல்லை, அரிசி. இதற்காக ஒரு கடிதமா என்று தோன்றலாம். அந்த இலைகள் உருவானதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் என்பதால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் மகள் மணிலாவில் மருத்துவம் படிக்கிறாள். அவளோடு படிக்கும் பெண்ணுக்கு, இந்தத் திருவிழா நடக்கும் லுக்பான்தான் சொந்த ஊர். கெசோன் மாகாணத்தில் பனாஹாவ் மலையடிவாரத்தில் இருக்கிறது. அந்த வீட்டார் அழைத்ததால் சென்ற மே மாதம் போய் மூன்று நாள் தங்கினோம். வாசலில் ஏறியதும் அந்தப் பெண் தன் பாட்டியின் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். பெரியவர்களிடம் ஆசி வாங்கும் முறை அது. பாட்டியை அங்கே ‘லோலா’ என்கிறார்கள். என் மகளும் அப்படியே செய்தாள். அப்புறம் நானும் லோலாவின் கையை வாங்கி நெற்றியில் வைத்துக்கொண்டேன்.

அந்த இலைகளுக்குக் ‘கிப்பிங்’ என்று பெயர். ஊறவைத்து அரைத்த அரிசி மாவில் சாயம் கலந்து, கபால் என்ற மரத்தின் இலைமேல் மெல்லியதாகப் பூசி, ஆவியில் வேகவைக்கிறார்கள். ஆறியதும் இலையை உரித்து, மாவை மட்டும் காயவைத்து, சுருண்டுவிடாமல் பாரம் வைத்து அழுத்துகிறார்கள். இலையின் நரம்பு ஒவ்வொன்றும் அதில் அப்படியே பதிந்திருக்கும். நம் இலை வடாம்தான் இது! அவர்கள் பேசும் தகலோக் மொழியில் எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் லோலா ஓர் இலையை நீட்டியதும், எந்த ஓரத்திலிருந்து உரிக்க வேண்டும் என்று என் விரலுக்குத் தெரிந்திருந்தது. சிரித்துக்கொண்டே தட்டு முழுவதையும் என் பக்கம் நகர்த்திவிட்டார். சிவப்பு, மஞ்சள், பச்சை, ஆரஞ்சு என்று நூற்றுக்கணக்கில் சேர்த்துக் கட்டி, சரவிளக்குபோல ஜன்னலுக்கு ஜன்னல் தொங்கவிட்டார்கள். அதற்கு முன்பே வாரக்கணக்கில் அந்த வீட்டில் வேலை நடந்திருக்கிறது.

திருவிழா நடக்கும் மே 15 புனித இசிதோர் நாள். மாட்ரிட் பக்கத்தில் பிறர் நிலத்தை உழுது பிழைத்தவர் அவர். அவர் ஜெபம் செய்துகொண்டிருந்தபோது வானதூதர்கள் வந்து உழுதார்கள் என்பது கதை. நம் சவேரியாருக்குப் புனிதர் பட்டம் கொடுத்த அதே நாளில், 1622-ல், இந்த உழவருக்கும் கொடுத்தார்கள். முன்பெல்லாம் விவசாயிகள் விளைச்சலைக் கோயில் வாசலில் கொண்டுபோய் வைப்பார்களாம். இடம் போதாமல் போகவே அவரவர் வீட்டு முகப்பிலேயே வைக்கத் தொடங்கினார்கள், பாதிரியார் தெருவழியே வந்து ஆசீர்வதித்தார் என்று லோலா சொன்னதை என் மகள் எனக்குச் சொன்னாள். அதனால்தான் சுவரில் கிப்பிங் மட்டும் இல்லை. நெற்கதிர், பூசணி, புடலை, பாகல், வாழைத்தார், தேங்காய் எல்லாம் ஆணியடித்தும் கயிற்றில் கட்டியும் நிற்கின்றன. இரவு இரண்டு மணிக்கும் வீட்டு ஆண்கள் ஏணியில்தான் இருந்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புனிதரின் சிலையைத் தூக்கிக்கொண்டு பவனி போகிற தெரு வருஷா வருஷம் மாறுகிறது. எல்லாத் தெருவுக்கும் முறை வர வேண்டும் என்று அப்படி வைத்திருக்கிறார்கள். ஒரு வீட்டுக்கு மறுபடி வாய்ப்பு வர ஆண்டுகள் ஆகும். அப்படிக் காத்திருந்து அலங்கரித்த வீடு அது. விடிந்ததும் கூட்டம் வந்தது. இன்னும் புனிதர் வரவில்லை. அதற்குள் ஓர் இளைஞர் கீழ்வரிசையிலிருந்து ஒரு கிப்பிங்கைப் பிய்த்துக் காதோரம் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார். அவரைப் பார்த்து இன்னும் மூன்று பேர் பிய்த்தார்கள். லோலா ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய், மிச்சம் இருந்ததில் நான்கு எடுத்துவந்து கட்டினார். கை நடுங்கியது. எனக்குத் தாங்கவில்லை.

காலைப் பூசை முடிந்து புனிதரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாத்தியம் பக்கத்தில் வந்ததும் வீட்டார் எல்லாரும் வாசலில் வந்து நின்றார்கள். லோலா சிலுவை போட்டுக்கொண்டு முணுமுணுத்தார். புனிதரின் சிலை எங்கள் வாசலைக் கடக்க ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அத்தனை வார உழைப்பும் அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான். விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள் நான். கண் கலங்கிவிட்டது.

அப்புறம்தான் ஊர் சந்தோஷத்தில் இறங்கியது. ராட்சத பொம்மைகள், ஜோடித்த எருமைகள், வாழையிலையில் வைத்த ‘பன்சித் ஹப்ஹப்’. நூடுல்ஸ்மேல் வினிகர் தெளித்து, கையால் தொடாமல் இலையோடு வாயருகே கொண்டுபோய்ச் சாப்பிட வேண்டும். மாலையில் லோலா தானே சுவரிலிருந்து காய்களையும் கிப்பிங்கையும் இறக்கி, தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் கொடுத்தார். காலையில் பிய்த்தவர்களும் மாலைவரை பொறுத்திருந்தால் கை நிறையக் கிடைத்திருக்கும்.

அங்கே படிக்கும் நம் பிள்ளைகளும் பார்க்கப் போகும் பெற்றோரும் உங்கள் பத்திரிகையைப் படிப்பார்கள். சுவரில் இருப்பது சாமிக்கு வைத்த படையல், புனிதர் அந்த வாசலைக் கடக்கும்வரை கை வைக்க வேண்டாம் என்று தயவுசெய்து ஒரு வரி போடுங்கள். படக்குறிப்பையும் திருத்திவிடுங்கள். லோலா தந்தனுப்பிய கிப்பிங்கில் உடையாமல் வந்த ஒன்றை அட்டைக்கு நடுவில் வைத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், நரம்பு தெரியும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி