சுமதிக்கு, அந்தக் கொடியைப் பற்றி

அன்புள்ள சுமதி,

எட்டு மாதம் ஆகிவிட்டது. நீ விரல் விட்டு எண்ணி வைத்திருப்பாய், அதனால் குறைத்துச் சொல்லப் பார்க்கவில்லை. உன் மூன்று கடிதத்துக்கும் பதில் இல்லை, மகள் பட்டம் வாங்கிய படம் அனுப்பினாயே, அதற்குக்கூட ஒரு வரி எழுதவில்லை. படம் நன்றாக இருந்தது. நீதான் வழக்கம்போல கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாய். இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, பையனும் அப்படியே இருக்கிறான், இவருக்கு இப்போது பரவாயில்லை. 'இப்போது' என்று ஏன் போட்டாய் என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எடுத்த எடுப்பில் அதில் இறங்க மனசு வரவில்லை, முதலில் மாடியைச் சொல்லிவிடுகிறேன்.

ஞாபகம் இருக்கிறதா, ஒரு வருடம் காய், கீரை, கைமருந்து எதற்கும் கடைப் பக்கம் போகமாட்டேன் என்று உன்னிடம் சவால் விட்டேனே. 'பன்னிரண்டு தொட்டிக்கு இவ்வளவு வாயா' என்று எழுதினாய். அந்த ஒரு வரிக்காகவே தொட்டி 63 ஆனது. ஒருநாள் பையன் மேலே வந்து பார்த்துவிட்டுக் கணக்குப் போட ஆரம்பித்தான். 20 லிட்டர் தொட்டியில் நனைந்த மண் சுமார் 30 கிலோ, அறுபத்து மூன்றுக்கு இரண்டு டன் பக்கம் வருகிறது, இதையெல்லாம் தளத்தின் நடுவில் கொண்டுவந்து குவித்திருக்கிறாயே என்று கத்தினான். அன்றைக்கே எல்லாவற்றையும் சுவர் ஓரத்துக்கு இழுத்தோம். பாதித் தொட்டியில் மண்ணைக் கொட்டிவிட்டுத் தென்னைநார்க் கழிவும் மட்கிய உரமும் போட்டு நிரப்பினேன். இடுப்பு இன்னும் சரியாகவில்லை.

பறித்ததையெல்லாம் எடை போட்டு ஒரு நோட்டில் எழுதினேன். சிரிக்காதே, பழைய கணக்குப் பிள்ளை புத்தி. கீரையில் மட்டும் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டேன். தண்டுக்கீரை விதைத்தால் 25 நாள், மிஞ்சினால் 30 நாளில் கைக்கு வந்துவிடுகிறது. அதனால் வாரத்துக்கு ஒரு தொட்டி விதைப்பது, ஐந்து தொட்டி சுற்றிலேயே இருப்பது என்று வைத்துக்கொண்டால் ஓயாமல் வரும். பொன்னாங்கண்ணி, புதினா, கற்பூரவல்லி எல்லாம் கிள்ளி நட்டால் போதும், இவற்றை வளர்த்தேன் என்று சொல்லிக்கொள்ளவே வெட்கமாக இருக்கிறது. முருங்கையை ஒரு டிரம்மில் வைத்து நெஞ்சு உயரத்தில் கவாத்து செய்துகொண்டே இருக்கிறேன், காய் கிடையாது, இலை வந்துகொண்டே இருக்கிறது. மிளகாய் ஆறு செடி எங்கள் வீட்டுக்கு அதிகம்.

தக்காளிதான் என்னை அழவைத்தது. வெள்ளை ஈ வந்தது, பின்னாலேயே இலைச்சுருட்டை வந்தது, வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து அடித்து அடித்து என் கைதான் கசந்தது. பாகலில் பூவாகப் பூத்துக் கொட்டியது, ஒரு காய் இல்லை. அப்புறம்தான் தெரிந்தது, முதலில் வருவதெல்லாம் ஆண் பூ, பெண் பூவுக்குப் பின்னால் குட்டிக் காய் போல ஒன்று ஒட்டியிருக்கும், மாடிக்குத் தேனீ வரவில்லை என்றால் ஆண் பூவைப் பறித்து நாம்தான் தொட்டு வைக்க வேண்டும். விடிகாலையில் நான் பூவும் கையுமாகத் தூது போவதை இவர் படிக்கட்டில் நின்று பார்த்துவிட்டு அடித்த கமெண்ட்டை இங்கே எழுத முடியாது.

வருடக் கடைசியில் நோட்டைக் கூட்டிப் பார்த்தபோதுதான் என் வாய் அடைத்தது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குத் தோராயமாக 2,000 கலோரி வேண்டும். கீரை 100 கிராமில் இருப்பது 20, 30 கலோரி. அப்படியென்றால் கீரையை மட்டும் நம்பினால் தினமும் ஏழு எட்டு கிலோ மேய வேண்டும். தானியமோ 100 கிராமிலேயே 350 தருகிறது, அதற்கு மாடி போதாது, நிலம் வேண்டும். ஆக என் தற்சார்பு தட்டில் ஒரு ஓரத்துக்குத்தான் வந்தது. அந்த ஓரம் ருசியாக இருந்தது, அதில் சந்தேகமே இல்லை. உன் சவாலில் பாதி தோற்றேன் என்று எழுதி வைத்துக்கொள்.

மீதிப் பாதி மருந்து. சரி, சொல்லிவிடுகிறேன்.

நீ வந்தபோது ஈரத்துணியில் சுற்றிச் சீந்தில் தண்டு இரண்டு கொடுத்தாயே, 'வெட்டிப் போட்டாலும் சாகாது, உன்னை மாதிரி' என்று சொல்லி. சொன்னது சரிதான். தண்ணீர்த் தொட்டியின் குழாயைப் பிடித்துக்கொண்டு ஏறி, மேலிருந்து நூல் நூலாக வேர் விட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. காய்ச்சலுக்கு, சர்க்கரைக்கு, எதிர்ப்பு சக்திக்கு என்று நீ எழுதித் தந்த பட்டியலை அடுக்களைக் கதவில் ஒட்டினேன். தினமும் காலையில் விரல் நீளத் தண்டை நசுக்கிக் கொதிக்கவைத்து இவருக்குக் கொடுத்தேன். இவருக்குத் தைராய்டு இருக்கிறது இல்லையா, அதுவும் சரியாகும் என்று நானே பட்டியலில் ஒரு வரி சேர்த்துக்கொண்டேன். அவர் வேண்டாம் வேண்டாம் என்றார். கசப்பு. நான் நின்று, டம்ளர் காலியாகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்வேன். இப்படி ஏழு வாரம்.

ஏழாவது வாரம் சோறு பார்த்தால் குமட்டல். அசதி. வெயில் என்றேன். அப்புறம் ஒருநாள் சாயங்காலம் ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்கிறேன், கண் மஞ்சள். ரத்தப் பரிசோதனையில் 40க்குள் இருக்க வேண்டிய கல்லீரல் என்சைம் அளவு ஆயிரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. வைரஸ் மஞ்சள் காமாலையா என்று எல்லாம் பார்த்தார்கள், எதுவும் இல்லை. டாக்டர் என்னிடம் கேட்டார்: 'வேறு ஏதாவது மருந்து, நாட்டு மருந்து சாப்பிடுகிறாரா?'

நான் இல்லை என்றேன், சுமதி.

பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. மாடியில் நான் தண்ணீர் ஊற்றி வளர்த்தது எனக்கு மருந்தாகவே தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து அன்றைக்கும் கொடுத்தேன். மறுநாளும் கொடுத்தேன், உடம்பு சரியில்லையே என்று கொஞ்சம் கூடுதலாகவே. மூன்றாவது தடவை போனபோது இவர்தான், 'இவள் தினமும் ஒரு கொடியை வேகவைத்துக் கொடுக்கிறாள்' என்று சும்மா ஒரு புகாராகச் சொன்னார். டாக்டர் பேனாவை வைத்துவிட்டார்.

நிறுத்தினோம். மாத்திரையும் கொடுத்தார்கள். அளவு இறங்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது, அந்த இரண்டு மாதமும் நான் தூங்கவில்லை. உனக்கு எழுதாததும் அதனால்தான். எழுதினால் இதைச் சொல்ல வேண்டும், சொன்னால் உன் தலையில் போட்ட மாதிரி ஆகும்.

அந்தச் சமயத்தில்தான் நம் சித்தி வந்து கீழாநெல்லி அரைத்துக் கொடு என்றாள். தொட்டியில் தானாக முளைத்தது இருந்தது. பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். கீழாநெல்லிக்குப் பெயர் உண்டு, 1988இல் சென்னை ஆராய்ச்சியாளர்கள் லான்செட் இதழில் எழுதினார்கள், மருந்து எடுத்துக்கொண்ட 37 பேரில் 22 பேருக்கு ஹெப்படைட்டிஸ் பி கிருமியின் அடையாளம் ரத்தத்தில் இல்லாமல் போனது என்று. உலகமே திரும்பிப் பார்த்தது. அப்புறம் வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அப்படிப் பலன் வரவில்லை. எப்படியும் இவருடையது கிருமியால் வந்ததில்லை. ஒரு செடி செய்ததை இன்னொரு செடியை வைத்துச் சரிக்கட்டப் பார்க்கிறேனே என்று கை நடுங்கியது. கீழே போட்டுவிட்டேன். சித்தி இன்னும் என்னோடு பேசவில்லை, அது ஒரு பக்கம் நிம்மதி.

தூக்கம் வராத ராத்திரிகளில் படித்தேன். நமக்கு மட்டும் நடந்ததில்லை. கொரோனா சமயத்தில் ஊரெல்லாம் சீந்தில் குடித்தார்களே, 2021இல் மும்பை மருத்துவர்கள் இப்படி ஆறு பேரைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார்கள். நாட்டு மருத்துவத்தைக் கவனிக்கும் ஆயுஷ் அமைச்சகம் ஏற்கவில்லை, குடித்தது சீந்தில்தானா என்று பார்த்தீர்களா, அதே குடும்பத்தின் வேறு கொடியாக இருக்கலாமே என்றது. அடுத்த வருடம் நாட்டின் 13 மருத்துவமனைகளிலிருந்து 43 பேரைச் சேர்த்து இன்னொரு கட்டுரை வந்தது. குடிக்க ஆரம்பித்து நோய் தெரிய நடுவாக 46 நாள் ஆகியிருக்கிறது. நாங்கள் ஏழு வாரம். சில வகைத் தைராய்டு மாதிரி, உடம்பின் எதிர்ப்பு சக்தி உடம்பையே தாக்கும் கோளாறு ஏற்கனவே உள்ளவர்களிடம் இது அதிகம் தென்பட்டிருக்கிறது. எதிர்ப்பு சக்தியைத் தட்டி எழுப்பும் என்றுதானே பட்டியலில் போட்டிருந்தாய். ஏற்கனவே தப்பான திசையில் அடித்துக்கொண்டிருப்பதைத் தட்டி எழுப்பினால் என்ன ஆகும் என்று நீயும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

இப்போது உன்னிடம் கேட்க வேண்டியது. அந்த வேறு கொடி என்று சொன்னேனே, அதன் தண்டு முழுக்க மரு மருவாக முண்டு இருக்குமாம், அதைக் குடித்தும் கல்லீரல் கெட்டிருக்கிறது. மேலே போய் நம் கொடியைத் தடவிப் பார்த்தேன். முண்டு இருக்கிறது. எனக்கு முடிவு சொல்லத் தெரியவில்லை, அசல் சீந்திலிலும் வெள்ளைப் புள்ளிகளாகக் கொஞ்சம் சொரசொரப்பு உண்டு. பையனின் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கும் ஒருவர் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார், ஆனால் என் கொடி இன்னும் பூக்கவில்லை. உன் வீட்டுத் தாய்க்கொடி பூக்குமே. அடுத்த தடவை பூக்கும்போது பூவும் இலையுமாக ஒரு முழத் தண்டு வெட்டிக் காகிதத்துக்கு நடுவில் வைத்து அழுத்தி அனுப்பு. அப்படியே படமும் எடு, கண்ணை மூடாமல்.

அதுவரைக்கும் நீ குடிப்பதை நிறுத்து. நிறுத்துவாய் என்று எழுதிக் கொடு, உன்னை எனக்குத் தெரியும். 'எனக்கு ஆறு வருடமாக ஒன்றும் ஆகவில்லையே' என்று ஆரம்பிப்பாய். இவருக்கு ஆறு வாரம் ஒன்றும் ஆகவில்லை. ஒரு தடவை ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடு. அப்புறம் இந்தக் கொடியை யார் யாருக்கு வெட்டிக் கொடுத்தாய் என்று உட்கார்ந்து யோசி. வீட்டுக்கு வந்த யாரையும் வெறுங்கையோடு அனுப்பியிருக்கமாட்டாய். மூக்குக்கண்ணாடி என்று கூப்பிடுவோமே, அவளுக்குக்கூடக் கொடுத்ததாகத்தானே சொன்னாய்? அவளுக்கு நானே எழுதட்டுமா?

கொடியை நான் இன்னும் பிடுங்கவில்லை. இவர் பிடுங்க விடவில்லை, 'அது பாட்டுக்கு ஏறட்டும், டம்ளரை மட்டும் ஒளித்து வை' என்கிறார். துளசியும் கற்பூரவல்லியும் தொண்டை கட்டினால் இரண்டு மூன்று நாளைக்கு மட்டும், அதற்கு மேல் கிடையாது. கற்றாழையைத் தோலில் தடவுவதோடு சரி. வெட்டினால் வடியும் அந்த மஞ்சள் பால் வயிற்றைப் புரட்டிவிடும் என்பதையே இவ்வளவு நாள் தெரியாமல்தான் வைத்திருந்தேன். கதவில் ஒட்டிய உன் பட்டியலைக் கிழிக்கவில்லை, அதன்மேல் எடை நோட்டின் ஒரு தாளை ஒட்டிவிட்டேன், போன மாதம் வெண்டை மட்டும் நான்கே கால் கிலோ.

உன் மேல் கோபம் இருக்கிறதா என்று கேட்டு எழுதாதே. முதல் வாரம் இருந்தது.

தண்டு அனுப்பும்போது அந்தச் சிவப்பு வெண்டை விதையும் கொஞ்சம் போடு, செடியிலேயே காயவிட்ட காயிலிருந்து எடுத்ததாகப் பார்த்து. தனித் தனி உறையில், பெயர் எழுதி.

உன்,
வசந்தா