நம் தோட்டச் சங்கத்தின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர் பெருமக்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு செயற்குழு ஆறு முறை கூடியது. பொங்கல் விழாவும் கிங்ஸ் பூங்காச் சுற்றுலாவும் வழக்கம்போல் நடந்தேறின. கறிவேப்பிலைக் கன்றுகள் வழங்கிய அன்று நிற்க இடமில்லாத அளவுக்குக் கூட்டம் வந்தது என்பதையும் பதிவு செய்கிறேன்.

விதைத்த தட்டுகளுக்குப் புகை காட்டி முளைக்க வைக்கும் புகைக்கூடாரத் திட்டம் செயலாளரான என் சொந்த ஆசை என்று சிலர் பேசுவதால், அதைச் சற்று விளக்க வேண்டியுள்ளது. கோடையில் வறண்டு குளிர்காலத்தில் மழை பெறும் இந்த பெர்த் வட்டாரத்தில், காட்டுத்தீக்குப் பின் வரும் மழைக்காகவே பல செடிகளின் விதைகள் மண்ணுக்குள் காத்துக் கிடக்கின்றன. விதையை எழுப்பப் புகையே போதும் என்பதைத் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் கேப் பகுதிச் செடியொன்றை வைத்து 1990இல் காட்டினர். புகையில் அவ்வேலையைச் செய்யும் பொருளை 2004இல் பிரித்தறிந்தவர்கள் நம் பெர்த் ஆய்வாளர்கள். இவ்வட்டாரப் பழங்குடியினரின் நூங்கார் மொழியில் புகையைக் குறிக்கும் ‘கரிக்’ என்ற சொல்லிலிருந்தே அவ்வகைப் பொருள்களுக்குக் கரிக்கின் என்னும் பெயர் வந்தது.

தீத்தடைக் காலம் முடிந்த பின் உரிய அனுமதியுடன் தகர டிரம்மில் சருகுகளை எரித்து, நீண்ட குழாய் வழியே ஆறவிட்ட புகையை, விதைத் தட்டுகள் வைத்த தார்ப்பாய்க் கூடாரத்துக்குள் ஒரு மணி நேரம் செலுத்தினோம். வாழைத்தாருக்கு மூட்டம் போட்டுப் பழகியவர்களுக்கு இது புதிதன்று. ஐந்தாம் வாரத்தில் கங்காரு பா என்னும் இவ்வூர்ப் பூச்செடியை விதைத்த தட்டு முழுவதும் புல்நுனி போன்ற முளைகள் தலைகாட்டின. புகை காட்டாத தட்டில் விரல்விட்டு எண்ணிவிடலாம். கெட்டித் தோலுடைய வாட்டில் (அகேசியா இன மரம்) விதைக்குக் கொதிநீர் ஊற்றி ஓரிரவு ஊறவிட்டு, காலையில் உப்பியிருந்தவற்றை மட்டும் விதைத்தோம்.

புகை காட்டிய தட்டுக்கு முதல் சில நாள்கள் பூவாளியால் லேசாகத்தான் தெளிக்க வேண்டும். இல்லையேல் படிந்தது கழுவிப் போய்விடும். இதற்கென முறைப்பட்டியலில் பெயர் கொடுத்த பதினான்கு பேரில் வந்தவர்கள் நால்வர். புகை கரைந்த நீரான புகைநீரை ஊற்றிய தட்டு முளைக்காமல் போனதற்கு அதன் அடர்த்தி மிகுந்ததே காரணம். கலக்கியவன் நான்தான், மறுக்கவில்லை. ஆனால் அளவுக் குவளை கொண்டுவர வேண்டியவர் அன்று வரவில்லை.

வரவும் செலவும் ஏறத்தாழ ஈடாகின. விவரங்களைப் பொருளாளரிடம் கேட்டறியலாம். டிரம்முக்கும் குழாய்க்கும் ஆன செலவு, நிலுவையிலுள்ள சந்தாத் தொகையில் பாதிகூட இல்லை என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன். தேநீர் மேசையருகே ரசீதுப் புத்தகம் இருக்கிறது.

தலைவர், பொருளாளர், தண்ணீர் ஊற்ற வந்த நால்வர் ஆகியோருக்கு நன்றி. அடுத்த ஏப்ரலிலும் விதைக்க வேண்டுமானால் குறைந்தது எட்டுப் பேராவது தேவை. கூடாரமும் டிரம்மும் இப்போது என் வீட்டுக் கராஜில் இருக்கின்றன. எவரேனும் பொறுப்பேற்க முன்வந்தால் வண்டி வைத்து நானே கொண்டுவந்து இறக்கித் தருகிறேன்.

செயலாளர்