உன் பிறந்தநாள் கேக்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நேற்று போனில் உன் குரலே சரியில்லை. கோபன்ஹேகனில் முதல் பிறந்தநாள், ஆபீஸில் ஒருவர்கூட ஒரு துண்டு கேக் வாங்கி வைக்கவில்லை என்றாய். எனக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை. காலையில், டென்மார்க்கில் பல வருஷம் இருந்துவிட்டு வந்த பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டேன். அங்கே யாருக்குப் பிறந்தநாளோ அவர்தான் ஆபீஸுக்குக் கேக் கொண்டுவர வேண்டுமாம்!

அவர்கள் உன்னை ஒதுக்கவில்லை, கண்ணம்மா. நீ கொண்டுவருவாய் என்று பார்த்திருப்பார்கள். பள்ளிக்கூடத்தில் பிறந்தநாளன்று சாக்லேட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வகுப்பு முழுக்க நீதானே கொடுத்து வருவாய்? அதே வழக்கத்தைப் பெரியவர்களான பிறகும் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை வாங்கிக்கொண்டு போ. நாள் தள்ளிப்போனால் என்ன.

அடுக்கடுக்காக இருக்கும் அந்த ஊர் இனிப்பு ரொட்டியையே வாங்கு, ஆனால் கடையில் 'டேனிஷ்' என்று கேட்காதே. வெளியூர்க்காரர்கள்தான் அப்படிச் சொல்வோம். அங்கே அதற்குப் பெயர் வீனர்ப்ரோட், அதாவது வியன்னா ரொட்டி. 1850இல் அங்கே பேக்கரித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, முதலாளிகள் வெளிநாட்டிலிருந்து ஆள் வரவழைத்தார்கள். வியன்னாவைத் தலைநகராகக் கொண்ட ஆஸ்திரியாவிலிருந்து வந்தவர்கள் வெண்ணெயை மாவில் வைத்து மடித்து மடித்துச் சுடும் கைப்பக்குவத்தைக் கொண்டுவந்தார்களாம். டென்மார்க்காரர்கள் அதைத் தங்கள் வழிக்கு மாற்றிக்கொண்டாலும் பெயரில் வியன்னாவை விட்டுவிடவில்லை. வியன்னாவிலோ அதை 'கோபன்ஹேகனர் பிளண்டர்' என்கிறார்கள். இரண்டு ஊரும் பெருமையை ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொள்வது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

மூன்றாக மடிப்பதை மூன்று தடவை செய்தால் 27 அடுக்கு. நடுநடுவே மாவைக் குளிர வைக்காவிட்டால் வெண்ணெய் உருகி மாவோடு கலந்துவிடும், அடுக்கே வராது. மாவில் சர்க்கரை கொஞ்சம்தான். இனிப்பெல்லாம் உள்ளே தடவுகிற வெண்ணெய்-சர்க்கரைக் கலவையிலும் மேலே ஊற்றுகிற ஐசிங்கிலும் இருக்கிறது. அதனால் ஓரத்தை மட்டும் கடித்துவிட்டு 'சப்பென்று இருக்கிறது' என்று வைத்துவிடாதே, நடுப்பகுதி வரை சாப்பிடு. சில மாவில் ஏலக்காய்கூடப் போடுவார்களாம். அவ்வளவு தூரத்திலும் அந்த வாசனை உனக்குக் கிடைக்கும் என்பதே எனக்கு நிம்மதி.

சுருள் மாதிரி இருப்பது கனேல்ஸ்னைல், 'பட்டை நத்தை' என்று அர்த்தம். அதையும் நாலைந்து வாங்கு. அப்புறம், தட்டை மேஜையில் வைத்துவிட்டு உன் இடத்துக்கு ஓடிவிடாதே, பக்கத்திலேயே நில். எது முதலில் தீர்ந்தது, யார் யார் வந்து பேசினார்கள் என்று அன்றைக்கு ராத்திரியே எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா