குழந்தைகள் வார்டிலிருந்து வேணிக்கு

அன்புள்ள வேணி,

உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. மூன்றாவதை எழுதிவிட்டுக் கோபத்தில் கிழித்துப் போட்டாய் என்று ரஹீமா சொன்னாள். கிழிக்காமல் அனுப்பியிருக்கலாம். திட்டி எழுதும்போதுதான் உன் கையெழுத்து படிக்கிற மாதிரி இருக்கும். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் சொல்லிக்கொடுத்த பயிற்சியை அவர் செய்கிறாரா, செய்ததாக உன்னிடம் சொல்கிறாரா? நான் நலம். தூக்கம் மட்டும் பாக்கி.

சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். இறுதியாண்டின் நீண்ட பயிற்சிக்கு எந்தப் பிரிவு வேண்டும் என்று கல்லூரியில் கேட்டார்கள். குழந்தைகள் பிரிவு என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். பட்டம் வாங்கியபின் மேற்படிப்பும் குழந்தைகள் நலச் செவிலியம்தான். வீட்டில் எல்லோரும் பெரியவர்களுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு என்று எனக்காக முடிவு செய்து வைத்திருந்தார்கள். "குழந்தைகளோடு விளையாடுவதற்கா இத்தனை வருடம் படித்தாய்?" என்று சித்தப்பா தொலைபேசியில் கேட்டார். அப்பா ஒன்றுமே கேட்கவில்லை. அவர் கேட்காமல் இருந்தால் வீடு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும்.

சித்தப்பாவிடம் சொல்ல முடியாத பதிலைத்தான் உனக்கு எழுதுகிறேன். மதி என்ன படிக்கலாம் என்று நீ கேட்டிருந்ததற்கும் அதற்குள்ளேயே பதில் கிடைக்கலாம்.

வார்டில் சேர்ந்த புதிதில், வயிற்றுப்போக்குக்காகச் சேர்க்கப்பட்ட ஒரு பையன் இருந்தான். இரண்டு வயது இருக்கும். காலையிலிருந்து ஓயாமல் அழுதுகொண்டிருந்தவன் மதியத்துக்கு மேல் அழுகையை நிறுத்திவிட்டான். "அப்பாடா, இப்போதுதான் அமைதியானான்" என்றார் அவன் தாய். வேறு வேலையாக அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த சீனியர் சிஸ்டர் அதைக் கேட்டதும் திரும்பி வந்தார். பையனின் நெஞ்சில் விரலைச் சில விநாடிகள் அழுத்தி எடுத்தார். வெளுத்த தோல் இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். வரவில்லை. கையும் காலும் சில்லென்று இருந்தன. நாடி எண்ணி முடியாத வேகத்தில் ஓடியது. ரத்த அழுத்தத்தைப் பார்த்தார்கள். அது சரியாக இருந்தது.

அந்தச் சரியான அளவுதான் என்னைப் பல இரவுகள் தூங்கவிடாமல் செய்தது, வேணி. உடலில் நீர் வற்றும்போது குழந்தையின் ரத்த நாளங்கள் இறுக்கிச் சுருங்கிக்கொள்ளும், இதயம் வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். அப்படியே கடைசி வரை ரத்த அழுத்தத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். இனி முடியாது என்கிற இடம் வந்ததும் ஒரேயடியாகச் சரியும். அழுத்தம் குறையட்டும், பிறகு கவலைப்படலாம் என்று இருப்பவர்களுக்கு அப்போது நேரம் மிச்சமிருக்காது. பையனுக்கு உடனே திரவம் ஏற்றித் தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். பிறகு வார்டுக்குத் திரும்பி வந்தவன், கட்டடமே அதிரும்படி அழுதான். சிஸ்டரின் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை அதற்கு முன் நான் யார் முகத்திலும் பார்த்ததில்லை. "அழுகிற குழந்தையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சத்தமில்லாத கட்டிலுக்கு முதலில் போ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நான் பார்த்ததும் படித்ததும் எல்லாம் இந்த ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. தனக்கு என்ன ஆகிறது என்று சொல்லத் தெரியாத நோயாளிகள் இவர்கள். சொல்லாததாலேயே ஒன்றும் இல்லை என்று பெரியவர்கள் எத்தனை முறை முடிவு கட்டியிருக்கிறார்கள் தெரியுமா?

ஜேம்ஸ் ராபர்ட்சன் என்று ஒருவர். இரண்டாம் உலகப் போரின்போது லண்டனில், குழந்தைகளின் மனதை ஆராய்ந்த அன்னா ஃபிராய்ட் நடத்திய குழந்தைகள் காப்பகத்தில் கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவர். பிறகு மனநல சமூகப் பணி படித்து, பெற்றோரைப் பிரிந்து மருத்துவமனையில் கிடக்கும் குழந்தைகளைக் கவனிக்கப் போனார். அந்தக் காலத்தில் பெற்றோர் வந்து பார்ப்பதற்கு அங்கே கடுமையான கட்டுப்பாடு இருந்தது. பல இடங்களில் வாரத்துக்கு ஓரிரு மணி நேரம்தான். அம்மா வந்து போனால் பிள்ளை அழுகிறது, வராவிட்டால் சமர்த்தாக இருக்கிறது, எனவே வராமல் இருப்பதே நல்லது என்று டாக்டர்களும் நர்சுகளும் உண்மையாகவே நம்பினார்கள். ராபர்ட்சன் அந்தச் சமர்த்தை உட்கார்ந்து பார்த்தார். முதலில் குழந்தை எதிர்த்து அழுகிறது. பிறகு நம்பிக்கை இழந்து ஒடுங்குகிறது. கடைசியில் அம்மா வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. இந்தக் கடைசி நிலையைத்தான் வார்டில் எல்லோரும் 'தேறிவிட்டது' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சொன்னால் யாரும் நம்பவில்லை என்பதால் 1952-இல், ஒரு சிறிய அறுவைசிகிச்சைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் இருந்த இரண்டு வயதுச் சிறுமியைக் கையில் பிடித்த கேமராவால் படமெடுத்தார். புள்ளியியல் படிக்கிற உனக்கு இது பிடிக்கும்: சோகமான தருணங்களை மட்டும் பொறுக்கி எடுத்தார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, தினமும் முன்பே குறித்து வைத்த நேரங்களில், சுவர்க் கடிகாரமும் தெரியும்படி எடுத்தார். படத்தைப் பார்த்த மருத்துவர்கள் பலருக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் 1959-இல் பிரிட்டனில், மருத்துவமனையில் இருக்கும் குழந்தைகளின் நலனை ஆராய்ந்த பிளாட் குழுவின் அறிக்கை வந்தது. பெற்றோர் எந்த நேரமும் வந்து பார்க்கலாம், சிறு குழந்தைகளுடன் தாய் தங்குவதற்கு வழி செய்ய வேண்டும் என்றது. எங்கள் வார்டில் ஒவ்வொரு கட்டிலுக்கும் பக்கத்தில் ஒரு நாற்காலி கிடக்கிறது. அது அங்கே வந்து சேர்வதற்கு இவ்வளவு சண்டை நடந்திருக்கிறது.

இன்னொன்றைக் கேட்டால் உனக்கு ஆத்திரம் வரும். எனக்கு இன்னும் அடங்கவில்லை. பிறந்த குழந்தைக்கு வலி தெரியாது, நரம்புகள் இன்னும் முதிரவில்லை என்று 1980-கள் வரை மருத்துவ உலகத்தில் பரவலாக ஒரு நம்பிக்கை இருந்தது. மயக்க மருந்தைத் தாங்காது என்ற பயமும் சேர்ந்துகொண்டது. அசையாமல் இருக்கத் தசையைத் தளர்த்தும் மருந்தைக் கொடுத்து, வலிக்குச் சரியாக எதுவும் கொடுக்காமலே பச்சைக் குழந்தைகளுக்கு அறுவைசிகிச்சை செய்திருக்கிறார்கள். அசைய முடியாத குழந்தை வேறு எப்படித்தான் சொல்லும்? இந்தியாவில் மருத்துவம் படித்துவிட்டு ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போன கன்வல்ஜீத் ஆனந்த், அறுவைசிகிச்சை முடிந்து திரும்பி வரும் குறைமாதக் குழந்தைகள் ஏன் இவ்வளவு மோசமான நிலையில் வருகிறார்கள் என்று கேட்டார். வலி மருந்தான ஃபென்டனில் ஒரு பிரிவுக்குக் கொடுத்து, இன்னொரு பிரிவோடு ஒப்பிட்டு, உடல் தத்தளிக்கும்போது சுரக்கும் ஹார்மோன்களை ரத்தத்தில் அளந்து பார்த்தார். மருந்து பெற்ற குழந்தைகளின் உடல் குறைவாகவே தத்தளித்தது. பின்னால் வந்த சிக்கல்களும் குறைவு. 1987-இல் அந்த ஆய்வு வெளிவந்தது. 1987, வேணி! நம் அம்மாக்கள் பிறந்து வளர்ந்த பிறகு.

இதைப் படித்த அன்று நான் யாரிடமும் பேசவில்லை. மறுநாள் வார்டுக்குப் போனதும், வலியைக் கணக்கிடும் தாளை முதல்முறையாக மரியாதையோடு எடுத்துப் பார்த்தேன். பேசத் தெரியாத குழந்தைக்கு முகம், கால்கள், உடல் அசைவு, அழுகை, சமாதானப்படுத்தினால் அடங்குகிறதா என்ற ஐந்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை போட்டு, பத்துக்கு எவ்வளவு என்று எழுத வேண்டும். மூன்று வயதுக்கு மேல் ஆறு முகங்கள் வரைந்த அட்டையைக் காட்டினால் குழந்தையே விரலை வைத்துக் காட்டும். ஒரு சிறுமி சிரிக்கிற முகத்தைக் காட்டிவிட்டு, டாக்டர் போன பிறகு கடைசி முகத்துக்கு விரலை நகர்த்தினாள். வலிக்கிறது என்று சொன்னால் ஊசி போட்டுவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம். இந்த மாதிரி கெட்டிக்காரத்தனத்துக்கு எந்தத் தாளும் போதாது; பக்கத்தில் உட்கார்ந்திருக்க ஓர் ஆள் வேண்டும்.

செய்ய முடிகிற காரியங்கள் எவ்வளவு சின்னவை என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம். பச்சிளங்குழந்தைக்குக் குதிகாலில் குத்தி ரத்தம் எடுப்பதற்கு இரண்டு நிமிடம் முன்னால் நாக்கில் சில சொட்டு சர்க்கரைக் கரைசல் விட்டால் வலி குறைகிறது. தடுப்பூசி போடும்போது தாய்ப்பால் குடித்துக்கொண்டிருந்தால் குறைகிறது. மல்லாக்கப் படுக்கவைத்து நான்கு பேர் அமுக்காமல், அம்மாவின் மடியில் நெஞ்சோடு நெஞ்சாக உட்காரவைத்துக் கையை மட்டும் நீட்டச் சொல்ல வேண்டும். வலிக்கிற எதையும் குழந்தையின் சொந்தக் கட்டிலில் வைத்துச் செய்யக் கூடாது, அதற்கென்று இருக்கும் அறைக்கு அழைத்துப் போக வேண்டும். கட்டில் அவர்களுக்கு பயமில்லாத இடமாகவே இருக்கட்டும். முக்கியமாக, 'வலிக்கவே வலிக்காது' என்று பொய் சொல்லக் கூடாது. அடுத்த முறை நம் பேச்சை நம்ப மாட்டார்கள். 'சுள்ளென்று இருக்கும், பத்து எண்ணுவதற்குள் போய்விடும், நீயே எண்ணு' என்றால் எண்ணுகிறார்கள்.

சித்தப்பா சொல்லும் விளையாட்டும் இதில் உண்டு. பொம்மையின் கையில், மருந்து ஏற்றும் சிறு குழாயான கேனுலாவை ஒட்டி, டிரிப் போட்டுக் காட்டினால், நாளைக்குத் தனக்கு நடக்கப்போவது என்ன என்று நான்கு வயதுக் குழந்தைக்குப் புரிந்துவிடுகிறது. நான் இதை மணிக்கணக்கில் செய்வேன். கூச்சமே இல்லை.

உன் ராஜ்யமான கணக்குக்கு வருகிறேன். இங்கே மருந்தெல்லாம் எடைக்குத்தான். பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால், 9 கிலோ குழந்தைக்கு 135. ஐந்து மில்லி சிரப்பில் 120 இருந்தால் எத்தனை மில்லி என்று இரவு மூன்று மணிக்குத் தூக்கக் கண்ணோடு போட வேண்டும். இன்னொருவர் தனியாகப் போட்டுப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். தசமப்புள்ளி ஓர் இடம் தள்ளிப்போனால் டோஸ் பத்து மடங்கு. அதனால்தான் 1.0 என்று எழுதவே கூடாது, வெறும் 1 என்றுதான் எழுத வேண்டும்; .5 என்று விடக் கூடாது, 0.5 என்று போட வேண்டும். தேர்வில் தசமப்புள்ளியைத் தொலைத்துவிட்டு அரை மதிப்பெண்ணுக்காக ஆசிரியரிடம் நீ வாதாடினாயே, அந்த வாதம் இங்கே செல்லாது.

மதி, "எனக்குக் குழந்தைகள் பிடிக்கும், மருத்துவத் துறையும் பிடிக்கும், டாக்டர் ஆகாவிட்டால் வேறு வழி இல்லையா?" என்று கேட்கிறாளாம். டாக்டர் ஆக வேண்டும் என்றால் ஆகட்டும். நீண்ட படிப்பு, முழு மனதோடு போக வேண்டும். ஆனால் ஒரு குழந்தையைச் சுற்றி எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பதை அவள் முதலில் பார்க்க வேண்டும். மூளை வாதம் உள்ள பிள்ளையை நடக்கவைக்கும் பிசியோதெரபிஸ்ட் இருக்கிறார். கரண்டி பிடிக்கவும் பொத்தான் போடவும் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இருக்கிறார். பேச்சுப் பயிற்சியாளர், உணவியல் வல்லுநர், உளவியலாளர் எல்லோரும் உண்டு. பாட்டையே மூச்சாக வைத்திருக்கிற பெண் என்பதால் அவளிடம் செவித்திறன் துறையைப் பற்றிக் கட்டாயம் சொல். ஆரோக்கியமான காதின் உட்பகுதி தானே மெல்லிய ஒலியை வெளியிடும் என்று 1978-இல் டேவிட் கெம்ப் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தார். தூங்குகிற குழந்தையின் காதில் ஒரு சின்ன முனையை வைத்து அந்த ஒலியைப் பிடித்தே கேட்கும் திறனைச் சோதிக்கிறார்கள். பிறந்த ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் குறையை உறுதிசெய்வது, ஆறு மாதத்துக்குள் சிகிச்சையைத் தொடங்குவது என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். தாமதமானால் மொழியே தாமதமாகும். இதையும் அந்தக் குழந்தை வாய்விட்டுச் சொல்லப்போவதில்லை.

பிடிக்கும் என்பது மட்டும் போதுமா என்று கேட்டிருந்தாய். போதாது. இங்கே பாதி வேலை பெற்றோரோடுதான். பயத்தில் கத்துகிற அப்பா, எதைச் சொன்னாலும் தன்மேல்தான் தவறு என்று அழுகிற அம்மா, இவர்களிடம் கோபப்படாமல் பேச வேண்டும். எல்லாக் குழந்தைகளும் வீடு திரும்புவதில்லை, வேணி. அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுத எனக்கு மனமில்லை. நேரில் சொல்கிறேன். தாங்குவாயா என்று அம்மா கேட்டார். சிஸ்டர் இத்தனை வருடமாகத் தாங்குகிறார். டூட்டி முடிந்ததும் யாரிடமாவது பேசிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார், எங்களையும் அப்படியே போகச் சொல்கிறார். நானும் அப்படித்தான் செய்யப் போகிறேன். அந்த யாராவது பல நாட்களில் நீயாக இருப்பாய், தயாராக இரு.

மதி உயிரியலை விட வேண்டாம். விடுமுறையில் சிறப்புக் குழந்தைகள் பள்ளியிலோ குழந்தைகள் காப்பகத்திலோ உதவிக்குப் போகட்டும். அழகாகச் சிரிக்கிற குழந்தையிடம் மட்டும் இல்லாமல், எட்டி உதைக்கிற குழந்தையிடமும் மறுநாள் போக மனம் வருகிறதா என்று பார்க்கட்டும். பிறகு எனக்கு அவளே எழுதட்டும். நீ இடையில் நின்று சுருக்கம் சொல்லாதே. உன் சுருக்கத்தில் பாதி விஷயம் காணாமல் போய்விடும்.

உன் ஆய்வேடு எந்த அளவில் இருக்கிறது? நெறியாளர் இன்னும் அதே வரைபடத்தைத்தான் திருத்திக்கொண்டிருக்கிறாரா? ரஹீமாவுக்கு வேலை கிடைத்த செய்தியை அவளே சொல்லட்டும் என்று நான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன், நீயும் தெரியாதது போல இரு. அடுத்த வாரம் எனக்கு இரவு டூட்டி, அதனால் பகலில் தொலைபேசியில் கூப்பிடாதே, எழுது. பதில் இரண்டு பக்கத்துக்குக் குறைந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அன்புடன்,
கயல்