குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, பொதுக்குழுவிற்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

தெருவிளக்குப் பழுது, மழைநீர் வடிகால் தூர்வாருதல், கொசு மருந்து அடித்தல் தொடர்பான வழக்கமான பணிகள் இவ்வாண்டும் நடைபெற்றன. அவற்றின் விவரமும் வரவு செலவும் பொருளாளர் அறிக்கையில் இருப்பதால், பள்ளிச் சுற்றுச்சுவரில் நாம் வரைந்த ஓவியத்தைப் பற்றியே இங்கு விரிவாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

பணிக்கு முன்பு செயற்குழுவினர் கண்ணகி நகருக்குச் சென்று வந்தனர். சென்னையின் பல பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் 2000ஆம் ஆண்டு முதல் குடியமர்த்தப்பட்ட அப்பகுதியில், தெரு ஓவிய அமைப்பான ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை 2020இல் மாநகராட்சியுடன் இணைந்து அடுக்குமாடிகளின் பக்கச் சுவர்களைப் பேரோவியங்களாக்கியது. குடியிருப்பின் தண்ணீர், வேலைவாய்ப்புக் கோரிக்கைகளுக்கு ஓவியம் ஈடாகாது என்பதே என் கருத்து. ஆயினும் மறுகுடியமர்வுப் பகுதி என்று ஒதுக்கிப் பார்த்த இடத்திற்கு வெளியூர்க்காரர்களும் வந்து போகும்படி அது செய்திருக்கிறது. நமக்கு அவ்வளவு நிதியும் இல்லை, அவ்வளவு உயரமான சுவரும் இல்லை. கை எட்டும் சுவருக்குத் தெருக்காரர்களே போதும் என்று முடிவு செய்தோம்.

எதை வரைவது என்பதில்தான் காலம் சென்றது. சுவரோரம் சிறுநீர் கழிப்பதைத் தடுக்க மும்மதக் கடவுளர் படங்களை வரையலாம் என்று முதலில் கூறப்பட்டது. கடவுளரைக் காவல் வேலைக்கு அமர்த்த வேண்டாம் என்று பெரும்பாலோர் மறுத்தனர். தலைவர்கள் படம் என்ற யோசனை, தேர்தல் நடத்தை விதிகள் வந்தால் மூடிவைக்க நேரும் என்பதால் கைவிடப்பட்டது. கேரம் பலகை எதிர்ப்பின்றி ஏற்கப்பட்டது. இருமுறை உலகச் சாம்பியனான மரிய இருதயமும், 2024இல் அமெரிக்காவில் தங்கம் வென்ற காசிமாவும் சென்னையிலிருந்து எழுந்தவர்கள் அல்லவா! மீன்பிடித் துறைமுகமும் அவ்வாறே இடம்பெற்றது.

குடங்களில்தான் சிக்கல் வந்தது. லாரித் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் பிளாஸ்டிக் குடங்களை வரைய இளைஞர்கள் விரும்பினர். நம் தெருவின் அடையாளம் அதுவே என்பது அவர்கள் வாதம். குடம் தூக்கிய பெண்களோ, நாங்கள் பட்ட கஷ்டத்தைப் பள்ளிப் பிள்ளைகள் தினமும் பார்க்க வேண்டுமா என்று கேட்டனர். அந்தக் கேள்விக்கு ஓவியக் குழுவில் எவரிடமும் பதில் இல்லை. இரண்டு கூட்டங்களுக்குப் பின், வரிசையை விட்டுவிட்டு, லாரி வரும்வரை குடங்களின் மேல் உட்கார்ந்து கதை பேசும் பெண்களை வரையலாம் என்று குடம் தூக்கிய பெண்களே கூறினர். இன்று சுவரில் எல்லோரும் நின்று பார்க்கும் பகுதி அதுதான். முகங்கள் யாருடையவை என்று தெரியும்படி வரையப்பட்டிருப்பதால், ஒவ்வொருவரிடமும் எழுத்து மூலம் ஒப்புதல் பெற்றோம்.

கோடை விடுமுறையில் பணி நடந்தது. நம் தெருவில் வசிக்கும் முன்னாள் சினிமா பேனர் ஓவியர் தலைமை ஏற்றார். ஃப்ளெக்ஸ் வந்தபின் தூரிகையை எடுத்து வைத்தவர் அவர். சிறு படத்தில் கட்டம் போட்டு, அதே கட்டங்களைச் சுவரில் பெரிதாக்கி, கட்டத்திற்கு ஒரு பிள்ளை என்று நிறுத்தினார். வெயிலில் சூடேறிய சுவரில் வண்ணம் சரியாகப் பிடிக்காது என்பதால் காலையும் மாலையும் மட்டுமே வேலை நடந்தது. உப்புப் பூத்த கீழ்ப்பகுதியைச் சுரண்டி மறுபூச்சு பூசி, அது நன்கு உலரும் வரை காத்திருந்த பிறகே பிரைமர் என்னும் அடிவண்ணம் அடிக்கப்பட்டது. செலவில் பெரும்பங்கு இதற்கே ஆனது. சில உறுப்பினர்கள் இதனை வீண்செலவு என்றனர். வடகிழக்குப் பருவமழைக்குப் பின்பும் வண்ணம் உரியாமல் இருப்பதை அவர்கள் நேரில் பார்க்கலாம்.

சுவரில் மூன்று இடங்களில் சுவரொட்டி ஒட்டப்பட்டுள்ளது. உரியவர் அனுமதியின்றிப் பிறர் பார்வையில் படும் சுவரில் ஒட்டுவது 1959ஆம் ஆண்டு அழகுச் சீர்கேடு தடுப்புச் சட்டப்படி குற்றம். இருப்பினும் ஒட்டியவர்கள் நம் தெரு இளைஞர்களே ஆதலால், புகாருக்கு முன் அவர்களிடம் பேசிப் பார்க்கலாம் எனச் செயற்குழு கருதுகிறது.

ஆண்டுதோறும் கோடையில் கீழ்ப்பகுதியை மட்டும் புதுப்பிக்கவும், அதில் என்ன வரைவது என்பதை அவ்வாண்டு ஐந்தாம் வகுப்பு முடிக்கும் மாணவர்களின் முடிவுக்கு விடவும், அதற்கெனத் தனிக் கணக்குத் தலைப்பு ஏற்படுத்தவும் கோரும் தீர்மானத்தை இவ்வறிக்கையுடன் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இவண்,
செயலாளர்